நாலு விரலும் ஒரு நிலைக்கண்ணாடியும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூடலாம். பாளையங்கோட்டையில் 1913-ஆம் வருஷத்து மாசி மாத விலைப்படி அதற்கு நாற்பத்தோரு ரூபாய் ஆயிற்று. கொடுத்தவள் எலியேசர் வாத்தியாரின் மனைவி கெசியா. அவளை வாங்கவிடாமல் தடுக்கப் பார்த்த நாலு வியாபாரிகளில் நானும் ஒருவன். ஆகவே விலையில் தப்பு வர வழியில்லை.

மாற்றலாகிப் போகிற துரைமார் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஏலம் விடாமல் போய்வந்த கெசியாவின் வீட்டுப் பட்டாலையில், அந்த முன்கூடத்தில், மனிதர் குறுக்காகத்தான் நடக்க முடியும். சுவரில் மூன்று மான்தலை, ஒரு காட்டெருமைத் தலை. உத்தரத்தில் இரண்டு சரவிளக்குகள், காற்றடித்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யாரோ ஒரு துரை குளித்த பீங்கான் தொட்டியில் குரோட்டன்ஸ் வளர்ந்தது. வாசிக்க ஆளில்லாத பியானோவின் மேல் ஆறு பீங்கான் நாய்கள். ஏழு கடிகாரங்கள் ஏழு நேரம் காட்டின. எது சரி என்று கேட்டால், "உமக்கு எது வசதியோ அதை வச்சுக்கிடும்" என்பாள். சுவரில் கையகலம் இடம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு தட்டு தொங்கும். வாசலுக்கு நேர் எதிரே இருந்த பெரிய சுவர் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அதற்கேற்ற சாமான் இன்னும் வரவில்லை என்று ஒற்றை ஆணிகூட அடிக்கவில்லை.

தெருக்காரர்கள் 'ஏலக்கடை வீடு' என்று பெயர் வைத்தார்கள். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை, மகள் எலிசபெத்துக்குச் சம்பந்தம் பேசும் வரையில்.

மாப்பிள்ளையின் தாய் சாரம்மாள், ஆழ்வார்குறிச்சியில் பெரிய நெல் வியாபாரி வீடு. பெண் பார்க்க வந்தவள் பியானோவுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். காப்பியைக் குடித்தாள். தலைக்கு மேலே மான் முறைத்தது.

"பொண்ணு பிடிச்சிருக்கு. நிச்சயத்தைப் பொண்ணு வீட்டுல வைக்கதுதான் முறை. ஆனா இங்கன நாலு பேரு நிக்க எடமில்லையே சம்மந்தி. எங்க வீட்டுலயே வச்சுக்கிடுவோமா?"

கேட்டது என்னவோ மரியாதையாகத்தான். ஆனால் நிச்சயம் நடத்த இடமில்லாத வீட்டுப் பெண் என்ற சொல் எலிசபெத் பேரன் எடுக்கும் வரை கூடவே வரும். கெசியாவுக்கு அது தெரியும்.

"எடம் இருக்கு மைனி. நான் காட்டுதேன்."

"சரி, அடுத்த திங்கக்கெழமை வந்து பாக்கேன். இருந்தா இங்கன. இல்லேன்னா ஆழ்வார்குறிச்சி."

அன்று இரவு வாத்தியார் பாதிச் சாமானை விற்றுவிடலாம் என்று பைய ஆரம்பித்திருக்கிறார்.

"எதை விக்கச் சொல்லுதிய? இங்க கூடிப்போனது ஒண்ணுமில்ல. குறையுதது ஒண்ணு" என்றாளாம் கெசியா.

மறுநாள் என் பழைய சாமான் கடைக்கு வந்தாள். பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குப் போகிற ஜட்ஜு துரையின் ஏலம் சனிக்கிழமை. அதில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு நிலைக்கண்ணாடி, தங்கப்பூச்சுச் சட்டத்தோடு வருகிறது.

"இன்பமணி அண்ணாச்சி, அது உங்க கைக்கு வந்தா என்ன விலை?"

"நூத்தம்பது, வாத்தியாரம்மா. உங்களுக்குன்னா நூத்தி நாப்பத்தெட்டு."

"ரெண்டு ரூவாய எதுக்கு விட்டுக்குடுக்கிய. பிள்ளைகளுக்குப் பேதி மருந்து வாங்க ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முந்தானை முடிச்சில் நாற்பத்தைந்து ரூபாய்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருமைநாயகம் அண்ணாச்சி, சொரிமுத்து, ஹபீப் முகம்மது, நான். ஏலத்தில் ஒருவர் கேட்டால் மற்றவர் எதிர்த்துக் கேட்க மாட்டோம். பிறகு லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். எவ்வளவு வரை போவது என்பதை வாயால் பேசுவதில்லை. நாலு பேரும் மாட்டுச் சந்தையில் தொழில் படித்தவர்கள். தோள் துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்தால் அதுதான் விலை. ஒருவன் அந்த விலையைத் தாண்ட வேண்டுமென்றால் மறுபடி நாலு கையும் துண்டுக்குள் வர வேண்டும். வராமல் தாண்டினால் நஷ்டம் அவன் தலையில். முப்பது வருஷமாக இதில் பிசகு வந்ததில்லை.

சனிக்கிழமை ஜட்ஜு பங்களா முற்றத்தில் துண்டு விரிந்தது. அண்ணாச்சி என் நாலு விரலைப் பிடித்தார். நாற்பது. நான் ஹபீபின் விரலைப் பிடித்தேன், அவர் சொரிமுத்துவின் விரலை. முடிந்தது. பதினைந்துக்குள் அடித்துவிடலாம், யாராவது குறுக்கே வந்தால் நாற்பது வரை. கெசியா வேப்பமரத்தடியில் புருஷனோடு நின்று எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் சாமானைப் பார்த்தார்கள். இவள் எங்களைப் பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏலம் கூறிய பூதத்தான் தொண்டையைச் செருமினான். "நிலைக்கண்ணாடி ஒண்ணு. கேளுங்க ஐயா."

"எட்டு ரூவா" என்றார் அண்ணாச்சி, கொட்டாவி விடுகிறவர் போல.

"எட்டு ரூவா, ஒரு தரம்..."

"சொல்லுங்க" என்றாள் கெசியா.

"நாப்பத்தொண்ணு" என்றார் எலியேசர். நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல் அது. பங்களாவின் பின்கட்டில் கட்டியிருந்த குதிரை திரும்பிப் பார்த்தது.

எட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்குத் தாவுகிறவனை நாங்கள் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. அண்ணாச்சி துண்டை உதறி விரித்தார். என் கையை இழுத்து ஐந்து விரலையும் பிடித்தார். ஐம்பது. நான் அழுத்தி ஒப்புக்கொண்டேன். பூதத்தான், "நாப்பத்தொண்ணு, ஒரு தரம்... ரெண்டு தரம்" என்றான். ஹபீப் கையை நுழைத்தார். சொரிமுத்துவைக் காணோம். அவன் முற்றத்துக் கோடியில் ஒரு கட்டில் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே சொரிமுத்து, கையைக் கொண்டா லே" என்றேன்.

வாயைத் திறந்து ஐம்பது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கலாம். நஷ்டம் வந்தால் அவர் தலையில் விடியும். அதோடு, பெரிய விலையை வெளியில் விட்டு அந்த வாய்க்குப் பழக்கமில்லை. திறந்தது, மூடியது. சொரிமுத்து ஓடிவந்தான்.

"மூணு தரம். வாத்தியாரு ஐயாவுக்கு."

எங்கள் நாலு கையும் துண்டுக்குள் இருந்தன.

கண்ணாடியை என் வண்டியில்தான் ஏற்றினார்கள். கூலியிலும் பேரம் பேசி ஒன்றே காலுக்கு முடித்தாள். வழியில் கேட்டேன், "நாங்க நாப்பதுல நிப்போம்னு எப்பிடித் தெரியும் வாத்தியாரம்மா?"

"எங்க அப்பா மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகரு. சோறு கொண்டுபோயிட்டு அங்கனயே நிப்பேன். துண்டு கையைத்தான மறைக்கும், தோளை மறைக்காதுல்லா. நாலு விரலைப் பிடிச்சா தோள் எறங்கும். அஞ்சும் சேத்துப் பிடிச்சா முழங்கை வெளிய வரும். உங்க அண்ணாச்சிக்குத் தோள் நல்லா எறங்கிச்சு."

"நூறு கணக்கா இருந்தா?"

"கண்ணாடிக்கு நானூறு குடுக்க மூஞ்சியா அது?"

மொட்டைச் சுவரில் கண்ணாடி ஏறியது. நானும் இரண்டு ஆட்களுமாக ஆணி அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, சொல்லத்தான் வேண்டும், எனக்கு வயிறு எரிந்தது. இருபதடிப் பட்டாலை நாற்பதடியாகிவிட்டது. நாலு சரவிளக்கு, எட்டுத் தலைகள், பன்னிரண்டு நாய்கள். நேற்றுவரை குவியலாகக் கிடந்ததெல்லாம் இன்று வரிசையாக நின்றது. ஒரு ராஜா வீட்டுக் கூடம். கெசியா இடுப்பில் கை வைத்து நடுவில் நின்றாள். ஒரு நாயை மட்டும் அரை விரல் நகர்த்தினாள்.

திங்கட்கிழமை சாரம்மாள் வந்தாள். இடம் இருக்காது, ஜெயித்துத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் நல்ல புடவையாகக் கட்டி வந்திருந்தாள், அரக்கு நிறத்தில் அகலச் சரிகை. ஒரு ஆணி ஆடுகிறது என்று சாக்குச் சொல்லி நானும் போயிருந்தேன்.

வாசற்படி தாண்டியவள் நின்றுவிட்டாள். எதிரே சரவிளக்குகளின் நடுவே, மான்தலைகளின் கீழே, அரக்குப் புடவையில் ஒரு சீமாட்டி நின்றாள். தானும் இருக்கிற படத்தை இதுவரை எவரும் குறை சொன்னதில்லை. சாரம்மாள் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தாள், விளக்கு தலைக்கு நேராக வரும்படி.

"அந்த நாற்காலியக் கொஞ்சம் இந்தப் பக்கமா திருப்பிப் போடுங்க சம்மந்தி" என்றாள்.

கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்து இரண்டு தம்ளர் காப்பி குடித்தாள். ஒரு முறைகூட ஒருக்களிக்கவில்லை.

"எத்தனை பேரைக் கூட்டிட்டு வரலாம்?"

"நீங்க சொல்லுங்க மைனி. நாப்பதா, அம்பதா?"

"அம்பது பேரு தாராளமா நிக்கலாம் போலிருக்கே."

"நிக்கலாம். வாத்தியாரு எண்ணிப் பாத்துட்டாவ."

நிச்சயம் பெண் வீட்டில்தான் என்று முடிவாயிற்று. அந்த வாரத்துக்குள் தெருவில் பாதிப் பேர் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து, கண்ணாடியில் தங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏலக்கடை வீடு என்ற பெயரை அதன்பின் நான் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாரம்மாள் கிளம்பும்போது, வண்டிக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டாள். "இதைவிட ஒரு சாண் பெரிசா கெடைக்குமா வே? பைய சொல்லும். சம்மந்தி காதுல விழப்படாது."

"தேடலாம் அம்மா. முன்பணம் குடுத்தா நல்லாத் தேடலாம்."

அன்று ராத்திரி என் கணக்கு நோட்டில் எழுதியது இது:

நிலைக்கண்ணாடி வகை. ஏல லாபத்தில் என் பங்கு, இல்லை. வண்டிக்கூலி வரவு ஒன்றே கால் ரூபாய். ஆழ்வார்குறிச்சி சாரம்மாள் முன்பணம் வரவு பத்து ரூபாய். ஆக வரவு பதினொன்றே கால். கொடுக்க வேண்டிய பாக்கி, கண்ணாடி ஒன்று, ஒரு சாண் பெரியது.