காதில் விழாதவரை

பெரம்பலூரில் புதிதாகத் திறந்த அந்த மூன்று மாடிக் கடையில் கொரியாக்காரன் நூடுல்ஸ் முதல் தாய்லாந்து தேங்காய்ப்பால் டின் வரைக்கும் கிடைக்கும். அனுசுயாவுக்கு அதெல்லாம் எதற்கு? சாயங்காலம் வேப்பந்தட்டையில் மகள் சத்யாவுக்கு நிச்சயதார்த்தம். தட்டில் வைக்கப் பழமும் கற்கண்டும் வாங்க வந்தவள், எதிரே ராசாத்தி தள்ளுவண்டியோடு வருவதைப் பார்த்ததும் தன் வண்டியை நிறுத்திவிட்டாள்.

ராசாத்தி பங்காளி வீட்டு மருமகள். கிணற்றுத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் மாமனார் அய்யாக்கண்ணு திருச்சி ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். பங்காளி செத்த சேதி காதில் விழுந்துவிட்டால் தீட்டு. பதினாறு நாளைக்கு எந்த நல்ல காரியத்திலும் கை வைக்கக்கூடாது. விழாதவரை ஒன்றுமில்லை, அதுதான் அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டாரோ ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளியவர்கள். இன்னொரு முறை தள்ளினால் வேறு பெண் பார்த்துவிடுவார்கள்.

'வேணும்னே சொல்ல வந்திருக்கா, பாவி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாஸ் புட்டிகள் இருந்த வரிசைக்குள் வண்டியைத் திருப்பினாள் அனுசுயா. அங்கிருந்து அரிசி மூட்டைப் பக்கம் போனாள். போன இடத்திலெல்லாம் ராசாத்தி. கடைசியில் ஊறுகாய் அலமாரி முனையில் இரண்டு வண்டியும் முட்டிக்கொண்டன. ராசாத்தியின் வண்டியில் டீத்தூள், சர்க்கரை, பேப்பர் கப், கட்டுக் கட்டாக ஊதுபத்தி.

ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். பேசாமல் விட்டிருக்கலாம். அனுசுயாவுக்கு எட்டு வருஷ ஆத்திரமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எம் பொண்ணு நல்லாருக்கக் கூடாதுன்னுதான பின்னாடியே வர? கெழவன் செத்துட்டான், அதான சொல்லப் போற? சொல்லிட்டுப் போ, ஒன் வயித்தெரிச்சல் தீரட்டும்."

ராசாத்தி நின்றாள். அழுது வீங்கிய கண்களை அப்போதுதான் அனுசுயா பார்த்தாள்.

"நான் எங்கடி ஒம் பின்னாடி வந்தேன்? ஒன் கண்ணுல படக்கூடாதுன்னு ஓடிக்கிட்டிருக்கேன். காலையில அஞ்சு மணிக்குப் போயிட்டாரு. சத்யாவுக்குத் தட்டு மாத்தி முடிக்கிற வரைக்கும் அவங்க காதுல போட்டுறாதீங்கன்னு முந்தாநேத்தே அவரு வாயாலயே சொல்லி வச்சாரு. அதுக்காவ பொணத்தக்கூட இன்னும் வூட்டுக்குக் கொண்டாரல. நீயா கேட்டு வாங்கிக்கிட்ட. இதுல கெழவன்னு வேற சொல்ற."

"அக்கா, நான்..."

"அக்கா நொக்கான்னு வராத. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். ஒனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல, அத வச்சிக்கிட்டு நீயே அல்லாடு."

ராசாத்தி போய்விட்டாள். அனுசுயா தன் வண்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். புருஷன் காதில் விழவில்லை, சத்யா காதிலும் விழவில்லை. தீட்டு அவள் ஒருத்திக்குத்தான்.

போன் அடித்தது. அவள் புருஷன் கலைச்செல்வன். "எல்லாம் வாங்கிட்டியா?"

"ஏங்க, ஹேமலதாவ கடைக்கு அனுப்புங்க, அவ வாங்கட்டும்." ஹேமலதா அவள் தங்கை, வேறு வகையறாவில் வாக்கப்பட்டவள். "தட்டு மாத்தும்போதும் அவளே நிக்கட்டும். என்னக் கூப்புடாதீங்க."

"பெத்தவ இல்லாம எப்படி? என்ன ஆச்சு ஒனக்கு?"

"தலை சுத்துதுங்க. வேற ஒண்ணுமில்ல."

"இரு, சத்யாகிட்ட தரேன், நீயே சொல்லு" என்றார் அவர். மகள் குரல் கேட்பதற்குள் அனுசுயா போனை அணைத்துவிட்டாள்.