வசவு இறுகிய கற்கண்டு

உத்தமபாளையத்தில் பவுனு காய்ச்சிய கற்கண்டு அந்த ஆவணியில் பேசத் தொடங்கியது. அதே மாதம் திராட்சை விலை சரிந்ததால் ஊரில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பவுனு கலங்கியதற்குக் காரணம் இருந்தது. மகள் அனுசுயாவின் நிச்சயத் தட்டுக்கென்றே காய்ச்சியது அது. நூல் கட்டிய தொட்டியில் சர்க்கரைப் பாகை ஊற்றி மூடிவைத்தால், நூலைச் சுற்றிக் கட்டி மெல்ல வளரும். அழுக்கையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுக் கண்ணாடிபோல் நிற்கும். அவசரப்படுத்தினால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். பவுனு முதலில் பொறுமையாகத்தான் இருந்தாள். பாகு பாதி இறுகியிருந்தபோது, மாப்பிள்ளையின் தாய் மொக்கம்மாள் கெங்குவார்பட்டியிலிருந்து போன் செய்து, நிச்சயத்தை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். தேதி மாறுவது அது முதல் முறையல்ல. பவுனு மூடியைத் திறந்தாள், டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள், அதன்மேல் குனிந்தபடியே பொழுது சாயும்வரை சம்பந்தியை வைதாள். பாகு சட்டென்று இறுகியது.

நிச்சயத்தன்று முதல் கட்டியை வாயில் போட்டவள் மொக்கம்மாள்தான். மூடிய அவள் வாய்க்குள்ளிருந்து பவுனின் குரல் சபை முழுக்கக் கேட்டது.

"வாயா அது? பஸ் ஸ்டாண்டு மைக்கு! இவ நெனச்ச நாளெல்லாம் முகூர்த்தமா?"

மங்கலப் பொருளைத் துப்பக் கூடாதென்று மொக்கம்மாள் துப்பவில்லை. கையால் வாயைப் பொத்தினாள். குரல் மூக்கு வழியாக வந்தது.

"பாகு இறுகயில வாய வச்சுக்கிட்டு சும்மா இருன்னு சொன்னேன்ல," என்று பவுனின் கணவர் ஈஸ்வரபாண்டி முனகினார். அனுசுயா கண் கலங்கி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தன் கையிலிருந்த கற்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் முறிந்தது என்றே பவுனு நினைத்தாள்.

கற்கண்டு கரையக் கரையக் குரல் தணிந்தது. நூலை ஒட்டிய நடுத்துண்டில், போன் வருவதற்கு முன் பவுனு தனக்குள் சொல்லிக்கொண்டது இருந்தது. பாகு நிதானமாய் இருந்தும் வெளியே தள்ள மனமில்லாமல் வைத்துக்கொண்ட ஒரே பேச்சு அது.

"அவுகளுக்குப் பொம்பளப் புள்ள இல்லையாம். எம்மகள மகளாவே வச்சுக்கிருவாக."

மொக்கம்மாள் வெறும் நூலை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, இன்னொன்னு குடுங்க. அந்த நடுவுல உள்ளத மறுபடி கேக்கணும்."

"வசவத் தாண்டித்தான் நடுவுக்குப் போக முடியும், மதினி," என்றாள் பவுனு.

"தாண்டிக்கிறேன்."

தட்டு மாற்றினார்கள். கல்யாணக் கற்கண்டைக் காய்ச்சும்போது மொக்கம்மாளும் வந்து தொட்டிமேல் குனிந்து, தன் பங்குக்கு வைதுவிட்டுப் போனாள். முகூர்த்தத்தில் ஒரு வரிசைக்காரர்கள் வாயில் பவுனும் எதிர் வரிசைக்காரர்கள் வாயில் மொக்கம்மாளும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் சற்று உரக்க வாசித்தார்கள்.