ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு ஒரு கிண்டல்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அந்தக் கதவை ஒருக்களித்துவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒரு பெண்ணைக் கிண்டல் செய்ய முடியாமல் ஒரு வகுப்பே தலையைப் பிய்த்துக்கொண்ட கதை இது. கிண்டல் செய்வதற்கு யாராவது இவ்வளவு கஷ்டப்படுவார்களா என்று இப்போதே சிரிக்காதீர்கள். கேட்டு முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

ஒரு பள்ளிக்கூடம். அங்கே கடைசி வகுப்பை முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வழியனுப்பு விழா உண்டு. பேச்சு இருக்கும், பாட்டு இருக்கும். ஆனால் எல்லாரும் காத்திருப்பது கடைசிக் கட்டத்துக்குத்தான். வகுப்பில் ஒருவர் மேடையேறி, கூடப் படித்த ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு கிண்டல் சொல்ல வேண்டும். பெற்றவர்களும் வாத்தியார்களும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மனசு நோகக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காமல் போனவர்கள் உண்டு. கிண்டல் வாங்காமல் போனவர்கள் கிடையாது.

அந்த வருடம் மேடையில் யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. ரேடியோ என்று ஒருத்தி இருந்தாளே! தூங்கும்போதுதான் அவள் வாய் மூடும் என்று அவளுடைய அப்பா சொல்வார். அவளோடு ஒரே அறையில் படுக்கிற தங்கை அதையும் மறுப்பாள்.

ரேடியோ மடமடவென்று எல்லாருக்கும் கிண்டல் தயார் செய்துவிட்டாள். ஒட்டகம் என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையனுக்கு, "முதல்ல இவன் பெஞ்சுக்கு அடியில நுழைஞ்சு ஒளிஞ்சான். இப்போ பெஞ்சு இவனுக்கு அடியில ஒளிஞ்சுக்குது." பேனா கடன் வாங்கித் திருப்பியே தராதவளுக்கு ஒன்று. பின்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவனுக்கு ஒன்று. வரிசையாக வந்துகொண்டிருந்தவள் ஜன்னலோரத்துப் பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை. இத்தனை வருடம் ஒரே அறையில் மூச்சுவிட்டிருக்கிறோம், சொல்ல ஒரு வார்த்தை இல்லையா? ரேடியோ ஒட்டகத்தைப் பிடித்தாள்.

"அவளப் பத்தி ஏதாவது சொல்லுடா."

"நல்ல பொண்ணுப்பா."

"அது கிண்டலாடா?"

"கெட்டது எதாவது செஞ்சிருந்தா கிண்டல் பண்ணலாம். அவ எங்க செஞ்சா? அடிக்கடி இருமுவா. பாவம், நோஞ்சான் உடம்பு."

"வியாதியப் போய் கிண்டல் பண்ணச் சொல்றியா? அறிவிருக்கா உனக்கு?"

"அறிவிருந்தா உன்கூட ஏன் நின்னு பேசிட்டிருக்கேன்?"

வேறு யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். நல்ல பொண்ணு. நல்ல பொண்ணு. ரேடியோவுக்கு அந்தச் சொல்லே கசந்துவிட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணே தேடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கிடைக்கலதானே?"

"அதெல்லாம் மேடையிலதான் தெரியும்" என்று சமாளித்தாள் ரேடியோ.

"பொய் சொல்லாதே. உனக்குக் காது சிவந்துடும், எனக்குத் தெரியும்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. நல்ல பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதே. வருஷா வருஷம் ரிப்போர்ட் கார்டுல அதைத்தான் எழுதுறாங்க. நீயும் அதையே சொன்னா, நான் நிஜமாவே இந்த வகுப்புல இருந்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும்."

ரேடியோ தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பொய்யென்றால் தன் காது சிவக்கும் என்பதுவரை இவள் பார்த்து வைத்திருக்கிறாள். நாம் இவளைப் பற்றி என்னத்தைப் பார்த்து வைத்தோம்?

விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம். வகுப்பறையை அலங்கரிக்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகள் அதைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ மட்டும் போய் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். இங்கிருந்து அவள் என்னதான் பார்த்திருப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஒன்பதாவதிலிருந்தே இந்த வகுப்புக்கு இதே அறைதான். அந்த ஜன்னல் வராந்தா பக்கம் திறப்பது. வராந்தாவின் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். கணக்கு வாத்தியார் ஒரு வகுப்பை முடித்து அடுத்த வகுப்புக்குப் போகும்முன் அங்கே நின்று கையிலுள்ள சாக்பீஸ் தூளைக் கழுவுவார். மனிதர் ரப்பர் செருப்பு போடுகிறவர். பூனைகூட அவரிடம் நடை பழகலாம். அவ்வளவு சத்தமில்லாமல் வந்து நிற்பார்.

அறைக்குள் ஒட்டகம் டஸ்டரை மூக்குக்குக் கீழே மீசையாக வைத்துக்கொண்டு, "மூளைய வீட்டுல வச்சுட்டு வந்தீங்களா, இல்ல வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கணக்கு வாத்தியாராகவே மாறியிருந்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரேடியோ தற்செயலாக வெளியே பார்த்தாள். குழாயடியில் கணக்கு வாத்தியார் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"டேய், வராருடா!"

டஸ்டர் பறந்தது. வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தபோது ஒட்டகம் தோரணம் கட்டும் உத்தமனாக நாற்காலிமேல் நின்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரேடியோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் வேறு எந்த இடத்திலிருந்தும் குழாய் தெரியாது. இத்தனை வருடம் எத்தனை ஆட்டம் போட்டிருக்கிறோம்! பின்னே எப்படி மாட்டாமல் தப்பித்தோம்? ஒவ்வொரு தடவையும் சிரிப்புக்கு நடுவில் இருமல் சத்தம் கேட்கும். ஐயோ, அவளைத் தொந்தரவு செய்கிறோமே என்று சத்தத்தைக் குறைப்பார்கள். குறைத்த மறுநிமிடம் வாத்தியார் வாசலில் நிற்பார்.

"டேய், ஒன்பதாவதுல ஒரு மாசம் எல்லாரும் வரிசையா மாட்டினோமே, ஞாபகமிருக்கா?"

"மறக்குமா? வகுப்புல ஒரு ஒற்றன் இருக்கான்னு தேடினோமே. பாதி சந்தேகம் என் மேலதான்" என்றான் ஒட்டகம்.

"அந்த மாசம் அவ எங்க உட்கார்ந்திருந்தா?"

ஒட்டகம் யோசித்தான். ஜன்னல் காற்று ஆகவில்லை, பாவம், இருமுகிறாள் என்று இரக்கப்பட்டு கணக்கு வாத்தியார் அவளைச் சுவர்ப் பக்கம் மாற்றியிருந்தார். மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அவள் திரும்ப ஜன்னலுக்கு வந்தபிறகுதான் வகுப்புக்கு விடிவு பிறந்தது. காட்டிக்கொடுத்தவனைத் தேடினார்களே தவிர, காப்பாற்றினவளைத் தேட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒட்டகம் நாற்காலியிலிருந்து இறங்கி, "அடப்பாவமே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விழா நாள் காலையில் ரேடியோ அந்தப் பெண்ணை வாசலிலேயே மடக்கினாள்.

"இருமல் விஷயம் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. "அம்மா வராங்கடி. இந்த இருமலுக்காக எத்தனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க தெரியுமா? கொன்னே போட்டுடுவாங்க."

"அப்போ வேண்டாம். பேசாம நல்ல பொண்ணுன்னு சொல்லிடவா?"

அவள் பையின் வாரைத் திருகினாள். பிள்ளைகள் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.  பிறகு சொன்னாள்: "சொல்லு. பாதியில பயந்து நிறுத்திடாதே."

மேடையில் ரேடியோ ஜன்னலோரத்துப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"இவளுக்கு ரொம்ப நாளா இருமல். ஆனா விசித்திரமான இருமல். கணக்கு சார் குழாயடிக்கு வந்தா தொடங்கும். சார் வகுப்புக்குள்ள வந்ததும் பட்டுன்னு நின்னுடும். சுவர்ப் பக்கம் உட்கார வச்சப்போ இவ குணமாயிட்டா, நாங்க எல்லாரும் மாட்டிக்கிட்டோம். இந்த வகுப்பைக் கெடுத்ததே இவதான். நாங்க வெறும் கூட்டாளிங்க!"

 முதலில் வகுப்புக்குத்தான் புரிந்தது. பெஞ்சுகளைத் தட்டிக் கத்திய கத்தலில் ஒலிபெருக்கியே அலறியது. கணக்கு வாத்தியார் மெல்ல எழுந்தார்.

"அப்போ... நான் வரும்போதெல்லாம் குனிஞ்ச தலை நிமிராம கணக்குப் போட்டுட்டு இருந்தீங்களே?"

"ஆமா, சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"அந்த ஒழுக்கத்தைப் பாருங்கன்னு மத்த வகுப்புல எல்லாம் போய்ப் பெருமை அடிச்சேனேடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரிக்காத ஆள் அந்தப் பெண்ணின் அம்மாதான். கூட்டம் கலைந்ததும் நேராக வாத்தியாரிடம் வந்தார். "நீங்கதானே சார், பொண்ணுக்குச் சளி, கவனிங்கன்னு சொல்லி அனுப்பினீங்க?"

"நீங்கதானேம்மா, ஆமாம் சார், வீட்டுலயும் இருமுறான்னு சொன்னீங்க?"

  அம்மாவுக்கு, வீட்டில் மகள் எப்போதெல்லாம் இருமுவாள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தான் படியேறி வரும்போது. மருந்து எடுக்க உள்ளே ஓடினால் டிவி அணைந்திருக்கும். அவளுடைய தம்பி புத்தகமும் கையுமாக இருப்பான்.

"அடிக் கள்ளி! டிவிக்குமாடி?"

அந்தப் பெண் ஓடினாள். வகுப்பு முழுக்க அவளைச் சுற்றிச் சுவர்போல நின்றுகொண்டது. முன்னால் ஒட்டகம். "விடுங்க ஆன்ட்டி, இன்னைக்கு ஒரு நாள் விடுங்க!" என்று கெஞ்சல். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. யாரோ புதுப் பெண் என்று நினைத்து ரேடியோ திரும்பிப் பார்த்தாள். மகளைத் திட்டிக்கொண்டே அம்மா எட்டிப் பிடித்தார். பிடித்த கை அடிக்கவில்லை. கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் உரிமையோடு கேலி பேச நாலு பேர் எப்போதும் கூட இருக்கட்டும். சமையலறையில் அடுப்பும் கூடத்தில் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.