இரண்டு அந்தோனியார்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்று காலை முல்லைத்தீவுக் கரையில் யூலிற்றா அக்கா மறுபடியும் வந்து, கடலுக்குப் போன புருசன் இராயப்புவைப் பற்றிக் கேட்டபோது எரிந்து விழுந்தேன்.

“இஞ்ச பாருங்கோ அக்கா, போனில எல்லாப் போட்டும் பச்சை. இராயப்பு அண்ணையின்ர அந்தோனியார் போட்டும் கரைக்கு வந்திட்டுது. காத்துக்கு வேற கரையில ஏறியிருப்பார். வீட்டை போங்கோ.”

அவரைத் தேடிப் புறப்படவிருந்த படகையும் கடற்றொழிலாளர் சங்கத்தார் என் பேச்சை நம்பி நிறுத்திவிட்டார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? எந்தப் படகு கரை திரும்பியது என்று போனில் காட்டும் அந்தச் செயலியை எழுதியவளே நான்தானே.

போகும் வரும் படகுகளைப் பற்றிக் கரைகளிலுள்ள போன்கள் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவில் அனுப்பும் தரவைப் பிரித்தால் கிடைப்பது வெறும் குவியல். எது எண், எது பெயர் என்று அதில் ஒரு கட்டாயமும் இல்லை. அதை நான் கறாரான வகைகளுக்குள் மாற்றியிருந்தேன். படகுகளின் தொகுப்பு, ஒவ்வொரு படகுக்குள்ளும் ஆட்களின் தொகுப்பு. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் நிரல் உடனே பிழை என்று கத்தும். அதில் எனக்குப் பெரிய பெருமை.

அக்கா அசையவில்லை. “அப்ப போட்டில ஆர் ஆர் வந்தவை எண்டு காட்டு பிள்ளை.”

சலிப்போடு போனில் அந்தோனியாரைத் திறந்தேன். உள்ளே இருந்த பெயர்களில் இராயப்பு இல்லை. எங்கள் கரையில் தொழில் செய்யும் மெல்ரொனும் வேறு இருவரும் இருந்தார்கள். மெல்ரொனோ எனக்கு முன்னால் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தான்.

“டேய், உன்ர போட்டின்ர பேர் என்ன?”

“அந்தோனியார். ஏன்?”

ஐயோ, என்ர கடவுளே! படகுகளை நான் பெயரால் அடுக்கியிருந்தேன். கரையில் யாரும் பதிவு எண்ணைச் சொல்லிக் கதைப்பதில்லையே என்று எண்ணைத் தூக்கி எறிந்திருந்தேன். அதே பெயரில் மெல்ரொனின் படகு வந்ததும் இன்னும் கடலில் இருந்த இராயப்புவின் படகுப் பதிவு ஆட்களின் பெயர்களோடு அழிந்துபோயிருந்தது. வகைகள் எல்லாம் சரி. அதனால் நிரல் மூச்சும் விடவில்லை.

செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். “இராயப்பு அண்ணை வரேல்லை! போட்டை எடுங்கோ, கெதியா எடுங்கோ!”

மத்தியானம், எஞ்சின் பழுதான படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். இராயப்பு அண்ணைக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

“இவ்வளவு நேரமா ஒருத்தரும் எங்களைத் தேடேல்லையோ?” என்று கேட்டார்.

யூலிற்றா அக்கா அவர் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“நீங்கள் காலமையே வந்திட்டீங்கள் எண்டு சொன்னவை. நான்தான் நம்பேல்லை.”