மூன்றின் மீது ஒரு குற்றப்பத்திரிகை

மனித குலத்தை இதுவரை ஆண்ட கொடுங்கோலர்களிலேயே மிகக் கொடியது மூன்று என்ற எண்தான். மன்னர்கள் செத்தார்கள், பேரரசுகள் மண்ணோடு மண்ணாயின; மூன்று மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இந்த உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன், தராசுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சோதனைக்கூடத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தான். வயது இருபத்து நான்கு. கூடத்தில் அவன் பெயர் புரட்சி. பட்டம் சூட்டியவர், சான்றிதழ்களில் கையெழுத்திட்டு முத்திரை குத்தும் சீல் அக்கா. கேலியாகத்தான் சூட்டினார், அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டு விட்டான்.

விரோதம் வந்ததற்குக் காரணம் கூடத்தின் விதி. எந்தத் தராசாக இருந்தாலும் ஒவ்வொரு எடைக்கல்லையும் மூன்று முறை வைக்க வேண்டும். இடுக்கியால் எடு, வை, காத்திரு, எழுது, எடு, பூஜ்யம் வருகிறதா பார், மறுபடி வை.

"முதல் தடவை சரின்னா ரெண்டாவது எதுக்குக்கா? முதல் தடவை தப்புன்னா மூணாவதை மட்டும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நம்புறது?"

சீல் அக்கா சான்றிதழில் முத்திரையைக் குத்தினார். "மூச்சுக்கு முந்நூறு தடவை இதையே கேக்குறே. அந்த நேரத்துக்குக் கல்லை வெச்சிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

"பாத்தீங்களா, முந்நூறு! அங்கேயும் வந்து உக்காந்துருச்சு" என்று அவன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

அந்த நோட்டுதான் குற்றப்பத்திரிகை. இலக்கணத்தில் காலம் மூன்று, இடம் மூன்று. மெய்யெழுத்தையும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பங்கு பிரித்துக்கொண்டாயிற்று. ராஜா கதையில் இளவரசர்கள் மூன்று பேர், முதல் இரண்டு பேரும் உதவாக்கரை என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஏலக்காரன் மூன்று தரம் கூவாமல் ஓட்டைச் சட்டியைக்கூட விற்பதில்லை. சரி, இதெல்லாம் மனுஷன் செய்த கோளாறு, விஞ்ஞானமாவது காப்பாற்றும் என்று பார்த்தால், அணுவின் நடுவில் இருக்கும் துகளைப் பிளந்தால் உள்ளே மூன்று பொடிசுகள். மரபணுவின் எழுத்துகளை உடம்பு மும்மூன்றாகத்தான் படிக்கிறது. கண்ணுக்கு நிறம் காட்டுபவை மூன்று வகை உயிரணுக்கள். "உள்ளே வரைக்கும் ஆள் வைத்திருக்கிறது" என்று அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. வெளியே கிளம்பும்போது அம்மா பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்.

"ரெண்டு தடவை இழுத்தா திருடன் கோவிச்சுக்குவானாம்மா?"

"மூணு இழுத்தாத்தான்டா எனக்கு மனசு நிக்குது. நீ வாயைப் பூட்டு முதல்ல."

சொல்லிச் சலித்தவன் செயலில் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு மருத்துவமனையின் மருந்துக் கலப்பு அறைக்குப் புதிதாக ஒரு நுண் தராசு வந்திருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி அடைத்தது. புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் காட்டும். பெரியவர்களின் மாத்திரையைப் பொடித்துப் பச்சைக் குழந்தைகளுக்குப் பங்கு போடுவது அந்த அறையின் வேலை. சான்றிதழ் வரும்வரை தராசைத் தொட மாட்டேன் என்று அங்கிருந்த மருந்தாளர் அம்மாள் அதன்மேல் துணியைப் போட்டு வைத்திருந்தார். எடைக்கற்கள் ஐந்து. ஆளுக்கு மூன்று முறை என்றால் பதினைந்து எண்கள். புரட்சி ஐந்தே எண்களை எடுத்தான். மீதிப் பத்தை, மேலே பார்த்துக் கீழே எழுதினான். திரும்பி வரும்போது பேருந்தில் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. சரித்திரம் தன் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றைக்கு சீல் அக்காவுக்கு முன்னால் நாற்பது சான்றிதழ்கள். பையன் வாய்தான் நீளம், கை சுத்தம் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டு, மறுநாள் அனுப்பும் தட்டில் வைத்தார்.

மறுநாள் காலையில், சோதனைக்கூடங்களையே சோதிக்கும் தணிக்கைக்காரர் வந்துவிட்டார். தட்டில் மேலாக இருந்த மருத்துவமனைக் காகிதத்தையே எடுத்தார்.

"இந்தத் தராசு முன்னாடி நின்னு தும்மினாலே கடைசி இலக்கம் ஆடும்" என்றார். "மூணு மூணு தடவையா பதினஞ்சு தடவை வெச்சிருக்கீங்க. ஒரு கல்லுக்குக்கூட ஒண்ணும் அசையலையே? இது தராசா, சிலையா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "டிஸ்ப்ளே மாட்டிக்கிட்டிருக்கும் சார். பழைய மெஷின்..."

"புது மெஷின்னு நீங்களே மேல எழுதியிருக்கீங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"கையெழுத்து என்னுது" என்றார் சீல் அக்கா. "பாக்காம போட்டது என் தப்புதான்."

"அப்ப உங்க கையெழுத்து அதிகாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் நான் எழுதணும்." தணிக்கைக்காரர் பேனா மூடியைத் திறந்தார்.

அந்த அதிகாரத்துக்காக அக்கா பரீட்சை எழுதியது புரட்சிக்குத் தெரியும். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறினார். அதையும் நோட்டில் ஒரு குற்றமாகச் சேர்த்திருந்தான். இப்போது எழுந்தான், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எழுதினது நான் சார். பத்து எண் பொய். அஞ்சு எண் உண்மை. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்குங்க. அக்காவைத் தொடாதீங்க. ஆனா இதையும் கேட்டுக்குங்க: அந்த அஞ்சே போதும். நேத்தும் சொன்னேன், இப்பவும் சொல்றேன், வேலை போனாலும் சொல்லுவேன்."

மேனேஜர் தலையில் கை வைத்தார்.

தணிக்கைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சான்றிதழ் இன்னும் வெளிய போகலை. சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஒழுங்கான பதிவு என் மேசைக்கு வந்தா, போறதுக்கு முன்னாடியே திருத்திட்டாங்கன்னு எழுதிக்கிறேன். வரலைன்னா இந்த அம்மா இனிமே கையெழுத்துப் போட முடியாது. உங்க கணக்கு தனி."

மாடிப்படியில் அக்கா எடைப்பெட்டியை அவன் கையில் திணித்தார். "யாருடா உன்னை எந்திரிக்கச் சொன்னது?"

"உங்களுக்காக இல்லக்கா. கொள்கைக்காக."

"கொள்கையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. ஒழுங்கா மூணு தடவை எடு."

"ஒரே தடவை எடுத்து நிரூபிச்சுக் காட்டுறேன் பாருங்க."

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்!"

"முயலுக்குமா? அடப்பாவிங்களா!" என்றபடி அவன் இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

மருந்தாளர் அம்மாள் துணியை விலக்கினார். புரட்சி கையுறை மாட்டி, பத்து கிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்தான். கண்ணாடிக் கதவை மூடினான். 10.0002. நேற்றைய எண்ணேதான், அச்சு அசலாக.

"எப்படி!" என்றான் தராசைப் பார்த்து.

"அவ்வளவுதானா தம்பி? அப்ப நான் இதை எடை போட்டுக்கலாமா?" அம்மாள் கையில் ஒரு சீட்டு இருந்தது. "பொறந்து ஆறு நாள் ஆன குழந்தைக்கு. இன்னும் பேர்கூட வைக்கல, கட்டில் நம்பர்தான். மாத்திரையில நாப்பதுல ஒரு பங்கு. ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற ஆஸ்பத்திரியில எடை போட்டு வாங்கிக்கிட்டு இருக்கோம், அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் முகம் சுளிக்காம தருவாங்க?"

சீட்டில் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. புரட்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு நிமிஷம் மேடம்."

கல்லை எடுத்தான். பூஜ்யம். மறுபடி வைத்தான். 10.0019.

தும்மினோமா? இல்லை. மூச்சைக்கூட அடக்கித்தான் வைத்திருந்தான். இப்போது முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் அவன் முன்னால் மல்லுக்கு நின்றன. இரண்டு பேர் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் அவனுக்கே கசந்தது. நோட்டை எடுத்துக் குறிக்கவில்லை.

மூன்றாவது: 10.0021.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், தராசு இருந்த மேசையை ஒட்டி நின்று, கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது; அதன் அதிர்வுதான் எண்ணை ஆட்டியிருக்கிறது. நேற்று அவன் வந்து போன பத்து நிமிஷமும் அது ஓடாமல் தூங்கியிருக்கிறது. அவன் கொள்கைக்கு ஒரு ஃபிரிட்ஜ் காவலாக இருந்திருக்கிறது.

"மேடம், தராசை இங்க வெக்கச் சொன்னது யாரு?"

"இங்கதானே பிளக் இருக்கு" என்றார் அம்மாள்.

வார்டு உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாகத் தராசை எதிர்ச் சுவரோரத்துக் கல் மேடைக்கு மாற்றினார்கள். நீர்மட்டம் பார்த்து, மின்சாரம் கொடுத்து, அது நிதானத்துக்கு வரும்வரை அரைமணி நேரம் காத்திருந்தான். ஃபிரிட்ஜ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகே முதல் கல்லை வைத்தான். 10.0002. எடுத்தான், வைத்தான். 10.0003. எடுத்தான், வைத்தான். 10.0002. பிறகு அடுத்த கல். மணி இரண்டே முக்கால். பதினைந்து எண்களையும் நிறுத்தி நிதானமாக எழுதினான். ஃபிரிட்ஜ் விஷயத்தையும், பழைய தாளில் பொய்யாக எழுதிய பத்து எண்களையும் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

போன் அடித்தது. சீல் அக்கா.

"எத்தனை தடவைடா எடுத்தே?"

"தராசு கேட்டுச்சு, எடுத்தேன். அதுக்கும் மூணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. குற்றப்பத்திரிகை அப்படியேதான் இருக்கு."

"வாய் குறையுதா பாரு! மூணரைக்குள்ள வந்து சேரு, அந்த ஆள் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்கார்."

"வர்றேன், வர்றேன். அவருகிட்ட அப்புறம் ஒரு விவாதம் பாக்கி இருக்கு."

போனைப் பையில் போட்டான். எடைக்கற்களை ஒவ்வொன்றாகக் குழிக்குள் வைத்துப் பெட்டியை மூடிப் பூட்டினான். மருந்தாளர் அம்மாள் அந்தப் பக்கம் திரும்பி, மாத்திரையைப் பொடிக்க ஆரம்பித்திருந்தார். புரட்சி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பூட்டை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னும் ஒரு முறை இழுத்தான்.