காசிமாயன் வாய் திறக்கும் இடம்

இடது தோள்பட்டை காலையிலேயே தெறித்தது. முப்பது வருசத்துக்கு மேல் கிதார் வார் ஒரே இடத்தில் அழுத்தியதில் சதை செத்துப்போய், இப்போது எலும்புதான் வலிக்கிறது என்று பாண்டிராஜ் சொல்லிக்கொள்வான். திருமங்கலம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கிதார் பையை முதுகில் மாட்டியபடி கம்பியைப் பிடித்து நின்றான்.

"அண்ணே, அதக் கீழ இறக்கி வைங்க, ஆளு ஏறணும்ல" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

இறக்கவில்லை. முதுகில் ஏதாவது கனம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

காசிமாயன் மகள் முத்துமீனாவுக்குக் கல்யாணம். சிரித்துக்கொண்டு போகவேண்டிய வீடு. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் காசிமாயன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மண்டப வாசலில் கட்டிய பிளெக்ஸ். பொண்ணு மாப்பிள்ளை, குலசாமி, வரிசையாகக் கும்பிட்டு நிற்கும் சொந்தக்காரர்கள். மூலையில் மைக்கோடு காசிமாயன். அவன் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. அதைப் பார்த்ததிலிருந்து பாண்டிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டு, "அதக் கழட்டுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் எழுமலைப் பக்கம் கடலைக் காட்டில் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகள். மதுரைக்கு வந்து காசிமாயன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். திருவிழா வந்தால் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் மேடையேறிப் பாடினான். அதே ஆர்கெஸ்ட்ராவில் பாண்டிராஜ் கிதார். வயிற்றுக்குச் சினிமாப் பாட்டு வாசித்தாலும் அவன் மனசு கிடந்தது வேறு இடத்தில். கிதார் இடிமாதிரி உறும வேண்டும், அதே சமயம் மெட்டு வாயில் ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். அந்த மாதிரி வெளிநாட்டு ராக் பாட்டுகளை கேசட் தேயத் தேயக் கேட்டவன். தலை நரைத்தபிறகு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு அவனே ஒரு ஆல்பம் எடுத்தான். எட்டுப் பாட்டு. பேரு 'டஸ்ட் ரோடு'.

"தமிழ்லயே பாடுவோமே மாப்ள" என்று அப்போதே காசிமாயன் கேட்டான். "வாயில வர்றதப் பாடுனாத்தான் பாட்டு."

"ராக்குடா இது. வெளிநாட்டுக்காரன் கேக்க வேணாமா? கடைசிப் பாட்டு ஒண்ணு தமிழ்ல வைக்கிறேன், போதுமா?"

கடைசிப் பாட்டையும் இங்கிலீஷில்தான் எழுதினான்.

காசிமாயனுக்கு இங்கிலீஷில் தன் பேரை எழுத்துக் கூட்டத் தெரியும், பஸ் போர்டு தெரியும். அதனால் பாண்டிராஜ் எல்லா வரியையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். ஆய்த எழுத்தெல்லாம் போட அவனுக்குப் பொறுமை இல்லை. நெஞ்சில் நெருப்பு என்று வரவேண்டிய வரி 'பயரு இன் மை ஹார்ட்டு' என்று ஆனது.

"நெஞ்சுல எதுக்குடா பயறு? பாசிப்பயறா, தட்டப்பயறா?" என்று கேட்டான் காசிமாயன்.

ரெக்கார்டிங் ரூமில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சிரித்த வாயோடு அப்படியே பாடிப் பதிந்தும் விட்டார்கள். கிதார் தனியாக வரும் இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு நரம்பு பிசகினாலும் அழித்து, மறுபடி வாசித்தவன் பாண்டிராஜ். பாட்டுக்கு மட்டும் முதல் தடவையே தலையாட்டிவிட்டான்.

ஆல்பம் இன்டர்நெட்டில் வந்தது. ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் 'சூப்பர்ணே' என்று கட்டைவிரலைத் தூக்கிப் போட்டார்கள். ஒருத்தனும் முழுசாகக் கேட்கவில்லை. "மிக்ஸி ஓடுறப்பப் போட்டா வித்தியாசமே தெரியல" என்றாள் அவன் பொஞ்சாதி. அப்புறம் ஒரு நாள், ராக் பாட்டுக்கென்றே இருக்கிற ஒரு வெளிநாட்டுத் தளத்தில் விமர்சனம் வந்தது. பத்துக்கு ஏழு. 'இந்த விரல்களுக்கு வயதே ஆகவில்லை' என்று எழுதியிருந்தான் அந்த முகம் தெரியாத ஆள். பாண்டிராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தது இது:

'காசிமாயன் என்றொருவர் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பாடுகிறார். அவர் வாய் மூடும் இடங்களில்தான் இந்த ஆல்பம் பாட்டாகிறது.'

படித்ததும் முதலில் உள்ளுக்குள் ஒரு சொட்டு இனித்தது. பாட்டு அவனால் கெட்டது, என்னால் நின்றது என்று ஒரு இனிப்பு. அடுத்த மூச்சிலேயே அது கசந்துவிட்டது, ஆனால் இனித்தது இனித்ததுதான். அந்தக் கல்லை அவன் வாயில் போட்டது யார்?

அன்றைக்கே காசிமாயன் மார்க்கெட்டிலிருந்து வேர்வையோடு வந்து நின்றான்.

"என்னமோ எழுதியிருக்கானாம்ல? காட்டு. இந்தா, இது என் பேருதானே?" மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த விரலைப் பாண்டிராஜ் போனில் சரியாக அந்த வரியில் வைத்தான். "என்ன மாப்ள போட்டிருக்கான்?"

பாண்டிராஜ் வரியைப் பார்த்தான். விரலைப் பார்த்தான்.

"நீ வாய் திறக்குற எடத்துலதான் இந்த ஆல்பமே பாட்டாகுதுன்னு போட்டிருக்கான்டா."

மூடும் என்பதைத் திறக்கும் என்றான். ஒரே ஒரு சொல். காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். பிறகு தன் போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டான்.

அதிலிருந்து மார்க்கெட் முழுக்க அதே பேச்சுத்தான். "நான் வாயத் தொறந்தாத்தான் பாட்டாம்ல. வெள்ளக்காரன் எழுதியிருக்கான்."

"நீ வாயத் தொறந்தா எங்ககிட்டக் கடன்தானய்யா கேப்ப" என்று கூட இருந்த சோணை சொல்ல, அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

அந்தப் படத்தைத்தான் பிளெக்ஸ் கடையில் கொடுத்திருந்தான். கடைக்காரன் எழுத்தைப் பார்த்து எழுத்து அடித்தான், எவன் வாசித்தான்?

மண்டப வாசலில் பாண்டிராஜ் நிமிர்ந்து பார்த்தான். பிளெக்ஸ் இருந்தது. அந்த இரண்டு வரி தெரியவில்லை. வாசலில் கட்டிய வாழை மரத்தின் பெரிய இலை ஒன்றை யாரோ இழுத்து, சணலால் அதன்மேல் குறுக்காகக் கட்டியிருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு வந்தது.

மணப்பெண் அறையில் முத்துமீனா அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். பி.காம் படித்து, ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிற பிள்ளை. சுற்றி இருந்தவர்களை ஏதோ சொல்லி வெளியே அனுப்பினாள்.

"இலையக் கட்டச் சொன்னது நான்தான் மாமா."

அவனுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"நேத்து மாட்டுன பெறகுதான் படிச்சேன். அப்பா அதுக்குக் கீழயே நின்னு வாரவுக போறவுககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்கு. கழட்டுனா ஏன்னு கேக்கும். என்னத்தச் சொல்ல?"

"மீனா, நான் என்ன நெனச்சேன்னா..."

"இம்புட்டு நாளாச் சொல்லாமத்தான இருந்தீக. இன்னைக்கு ஒரு நாளும் சேத்து இருந்துருங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூத்தவர்களிடம் தண்ணீர் வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அவன் வெளியே வந்தான்.

வாசலில் காசிமாயன் பட்டு வேட்டியோடு நின்றான். பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மலைச்சாமி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார்.

"மாப்ள, இங்க வாடா! எவன் இத இங்க குறுக்க கட்டுனது? எழுத்தே தெரியல." காசிமாயன் சணலை அறுத்து, வாழை இலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். "சம்பந்தி, இவன்தான் பாண்டிராஜு. ஆல்பமே இவனோடதுதான். மாப்ள, நீயே வாசிச்சுத் தமிழ்ல சொல்லு. நான் சொன்னா பீத்துறேம்பாக."

வாத்தியார் ஏற்கெனவே வாசித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் பிளெக்ஸைப் போனில் எடுத்துவிட்டுத் தோளோடு தோள் இடித்துச் சிரித்தார்கள். காசிமாயன் இலையை விடாமல், மறு கையை நெஞ்சில் வைத்து அவர்களுக்கு வணக்கம் வைத்தான்.

"அவர் வாய் திறக்கும் இடங்களில்தான்..." பாண்டிராஜ் அந்தப் பையன்கள் பக்கம் பார்க்காமல் சொன்னான். "...இந்த ஆல்பம் பாட்டாகிறது."

"கேட்டீகளா சம்பந்தி?"

வாத்தியார் பிளெக்ஸைப் பார்த்தார், பாண்டிராஜைப் பார்த்தார். "ஆமா. அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். "நல்லா எழுதியிருக்கான்."

முன்பின் தெரியாத மனுசன். அவருக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து? காசிமாயன் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்: "பாட்டு வரியெல்லாம் யாரு எழுதுனதுங்க?"

"நான்தாங்க."

"ம்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தாலி கட்டி முடிந்ததும் காசிமாயன் மேடை ஏறினான். பாண்டிராஜ் வாரைத் தோளில் மாட்டினான். வலி கழுத்துவரை ஏறியது. காசிமாயன் பாடியது ஒரு தாலாட்டு. அவன் ஆத்தா கடலைக் காட்டு வரப்பில் தூளி கட்டிப் பாடினது. சொல்லெல்லாம் அவன் வாய்க்குப் பழகினது, பிறந்ததிலிருந்து கிடந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு போனவன் நின்றுவிட்டான். பிளெக்ஸைப் படம் எடுத்த பையன்களும் நின்றார்கள். கிதார் எங்கே போகவேண்டும் என்று பாண்டிராஜ் யோசிக்கவே இல்லை. குரல் போன வழியில் போனது.

முத்துமீனா மணமேடையிலிருந்து தகப்பனைப் பார்க்கவில்லை. கிதாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் காசிமாயன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவன் இலையில் வைத்தான்.

"தமிழ்ப் பாட்டு ஒண்ணு பாக்கி வச்சிருக்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்குடா."

"அதுக்கு அந்த வெள்ளக்காரன் என்ன எழுதுவான்னு பாக்கணும் மாப்ள. நீதான் படிச்சுச் சொல்லணும்."

பாண்டிராஜ் குனிந்து சோற்றைப் பிசைந்தான். பாட்டை எப்படியும் போட்டுக் கொடுத்துவிடலாம். திறக்கும் என்று சொன்னதை, இல்லைடா, மூடும் என்றுதான் எழுதியிருந்தான், உனக்கு அந்தக் கெட்ட பேரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்று காசிமாயன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.