தீபாவளிச் சேலை கட்டிய சாட்சிகள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மல்லாங்கிணறு பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த சட்டக் கல்லூரிப் பிள்ளை போனில் யாரிடமோ கத்திக் கத்திச் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். அந்தச் சுவாரசியத்தில் இறங்கவேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை. அந்தப் பிள்ளைக்குப் பர்வீன்.

முதல் வரி: 'நாரணாபுரத்து வானத்தில் கரும்புகை எழுந்தபோது...' சே! சிவகாசி என்றாலே புகையில்தான் ஆரம்பிக்க வேண்டுமா?

நேராகவே சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனி விபத்தில் செல்வலட்சுமியின் வலது கை வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆபரேஷன் செய்தால் பிரியும். அதற்கு நஷ்டஈடு வரவேண்டும். கம்பெனியோ, "அந்தப் பொம்பளை எங்க ஆளே இல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது.

2

பர்வீன், இலவச சட்ட உதவி மையத்துக்குக் கல்லூரி அனுப்பிய மாணவி. மனு எழுதலாம், சாட்சி தேடலாம். விசாரணையில் வாய் திறக்கக் கூடாது. பேச வேண்டியவர் மையத்து வக்கீல் கைருன்னிசா.

(முதல் பிரதியில் பர்வீன் எழுந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்று முழங்கினாள். அடித்துவிட்டேன். பட்டமே வாங்காத பிள்ளை, பாவம்.)

செல்வலட்சுமியோடு ஒரே வேனில் வேலைக்குப் போன பெண்களைத் தேடிப் பிடித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று சம்மதித்தார்கள். "நல்ல சேலையா கட்டிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

விசாரணை அன்று வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாம்பழக் கலர், ஒரே பச்சைக் கரை! செல்வலட்சுமியும் அதே சேலைதான். அவளால் கொசுவம் வைக்க முடியாது என்பதால், சாட்சிகளில் ஒருத்தியான சண்முகத்தாய் கட்டிவிட்டிருந்தாள்.

"என்னக்கா இது, யூனிபார்ம் மாதிரி? சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம்னு அடிச்சுப் பேசுவாங்களே!"

"நல்ல சேலைன்னுதான சொன்னீக?" சண்முகத்தாய் முறைத்தாள். "எங்கட்ட நல்லதுன்னா கம்பெனி குடுத்த தீபாவளிச் சேலைதான் தாயி. வருசா வருசம் அம்புட்டுப் பேருக்கும் ஒரே டிசைன். வேற வேற கலர் கேட்டாலும் குடுக்க மாட்டாக. இப்படிக் கட்ட எங்களுக்கு மட்டும் ஆசையாக்கும்?"

பர்வீனுக்கு அழுகை முட்டியது. அப்புறம் சட்டென்று நின்றது. ஓடிப்போய்க் கைருன்னிசாவின் காதில் என்னமோ சொன்னாள்.

(பர்வீனின் அத்தாவுடைய ஜவுளிக்கடையில்தான் கம்பெனி அந்தச் சேலையை வாங்கியது என்றும் எழுதிப் பார்த்தேன். ரொம்பச் சினிமாத்தனம். வேண்டாம்.)

3

கம்பெனி மேனேஜர் சங்கரலிங்கம் சாட்சி சொல்ல நின்றார். செல்வலட்சுமி பின்வரிசையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க எல்லாம் உங்க ஆளுகதானே? சேலை அழகா இருக்கே சார்," என்றார் கைருன்னிசா, முன்வரிசைப் பெண்களைக் காட்டி. "எந்தக் கடை?"

"எங்க ஆளுகதான். சேலை கடையில கெடைக்காது மேடம்!" மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "முதலாளியம்மா தனி ஆர்டர் குடுத்து நெய்யச் சொன்னது. எங்க ஆளுகளுக்கு மட்டுந்தான். வெளியாள் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டோம்."

"செல்வலட்சுமி, எந்திரிம்மா."

துண்டு விழுந்தது. மாம்பழக் கலர், பச்சைக் கரை.

விசாரணை அதிகாரி சேலையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தண்ணீர் கேட்டார். வாய் திறக்கக் கூடாத பர்வீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

4

சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று ஒரு நண்பர் சொன்னார். போய்யா! ஜெயித்துவிட்டார்கள். செல்வலட்சுமி கம்பெனி ஆள்தான், நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

கம்பெனி சும்மா இருக்குமா? இனி சேலை சாட்சி சொல்லிவிடக் கூடாதே என்று, இந்தத் தீபாவளிக்கு ஆளுக்கொரு கலர், ஆளுக்கொரு டிசைனில் சேலையாம்.

"அடி ஆத்தே!" சண்முகத்தாய் சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது. "இம்புட்டு வருசமா கேட்டும் குடுக்காதவுக, ஒரு கேசுல குடுத்துட்டாகளே!"

கம்பெனி ஆள் என்று உத்தரவே இருப்பதால், செல்வலட்சுமிக்கும் ஒரு சேலை உண்டு. அது என்ன கலர் என்று 'நீல...', 'அரக்கு...' என எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

கொசுவத்தை அவளே வைத்துக்கொள்வாள்.